கூம்பா இருந்த இடத்தில் வண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1997-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. திண்டுக்கல்லில் எங்கள் எதிர்வீட்டில் புதிதாக டிவி கேம் வாங்கியிருந்தார்கள். ஒரு சின்னப் பெட்டி, வயர் வைத்த இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். கேசட்டைச் செருகியும் படம் வரவில்லை என்றால், வெளியே எடுத்து அடிப்பக்கத்தில் வாயால் ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். பெரும்பாலும் வந்துவிடும். அந்தக் கேசட்டில் நாங்கள் உயிராய் விளையாடியது மாரியோ. 1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்ற விளையாட்டின் நகல் அது. எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்டேஜ், ஆக 32. எதிர்வீட்டு அக்கா அப்போதுதான் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தார். எங்கள் தெருவில் எட்டாம் உலகத்தின் கடைசிக் கோட்டை வரை போனவர் அவர் ஒருவர்தான்.

ஒருநாள் சாயங்காலம் அந்தக் கோட்டையையும் முடித்துவிட்டார். பாலத்தின் மறுமுனையில் இருக்கும் கோடரியை மாரியோ தொட்டதும் பாலம் சரிந்தது, நெருப்பு கக்கும் அரக்கன் கீழே விழுந்தான், இளவரசி நின்றிருந்தாள். நாங்கள் கை தட்டினோம். அப்போது திரையில் எழுத்துகள் வந்தன. அக்கா வாசித்துச் சொன்னார்: "உன் பயணம் முடிந்தது. இதோ உனக்குப் புதிய பயணம். பி பட்டனை அழுத்தி உலகத்தைத் தேர்ந்தெடு." அழுத்தினார். பழைய முகப்புதான் வந்தது. முதல் உலகம், முதல் ஸ்டேஜ். அதே பாட்டு, அதே மேகம், அதே புதர்.

"திரும்பவும் முதல்ல இருந்தா?" என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அந்த ஸ்டேஜில் முதலில் எதிரே வருவது காளான் தலை வைத்த கூம்பா. உலகத்தில் வீடியோ கேம் தொட்ட எல்லோரும் முதலில் மிதித்தது அதையாகத்தான் இருக்கும், அவ்வளவு சாது. ஆனால் அன்று வந்தது கூம்பா இல்லை. ஓடு போட்ட ஒரு வண்டு, அதுவும் வேகமாக. அக்கா பழைய பழக்கத்தில் குதித்து மிதித்தார். கூம்பாவாக இருந்தால் நசுங்கிப் போயிருக்கும். வண்டு ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது. தாண்டும்போது கால் பட்டது, ஓடு சறுக்கிக்கொண்டு போய்க் குழாயில் மோதி, திரும்பி வந்து மாரியோவையே அடித்துவிட்டது. விளையாட்டின் ஆகச் சுலபமான இடத்தில், எங்கள் தெருவின் ஆகச் சிறந்த ஆட்டக்காரிக்கு ஒரு உயிர் போனது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒரு விளையாட்டை முடித்த பிறகுதான் திறக்கும் கடினமான நிலை. ஹார்டு மோடு அன்லாக் ஆயிடுச்சு என்று இன்றைய பிள்ளைகள் சொல்வார்களே, அது. அதை ஏன் பூட்டி வைக்கிறார்கள், பூட்டு எப்போது நியாயம், எப்போது அநியாயம்? நான் ஆறு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்தவன். ஒரே ஸ்டேஜை ஒரு நாளில் அறுபது தடவை ஆடிய அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

தொடக்க காலத்தில் இந்தக் கடினம் காசோடு கட்டுண்டிருந்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களில், ஆட்டக்காரர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். 1985-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் என்ற விளையாட்டில் ஆர்தர் என்ற வீரன் பேய்களோடு சண்டையிட்டு இளவரசியை மீட்கப் போவான். அடி ஒன்று பட்டால் கவசம் கழன்றுவிடும், இரண்டாவது பட்டால் எலும்பாகிவிடுவான். கடைசி வரை போய்ச் சேர்ந்தால், நீ கண்டதெல்லாம் சாத்தானின் மாயை என்று சொல்லித் திரும்பவும் முதலிலிருந்து ஆட வைப்பார்கள், இன்னும் கடினமாக. இரண்டு முறை முடித்தால்தான் உண்மையான முடிவு. இதை ரசிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். எனக்கு அது பரிசாகப் படவில்லை. முடித்தவன் கையில் பொய்யைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவதாகத்தான் படுகிறது.

வீட்டுக்குள் வந்த விளையாட்டில் கணக்கு வேறு. காசு முன்பே கொடுத்தாகிவிட்டது. இங்கே இரண்டாம் சுற்று என்பது கூடுதலாகக் கொடுப்பது. 1986-இல் வந்த தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டாவின் கதை எனக்கு மிகப் பிடித்தது. அதன் நிலவறைகளை வரைந்தவர் தகாஷி தெஸுகா. ஒதுக்கப்பட்ட நினைவகத்துக்குள் எல்லா அறைகளையும் ஜிக்சா துண்டுகள் போல இடுக்கு விடாமல் பொருத்திக் கொடுத்தார். நிரலாளர்களும் அதை அப்படியே ஏற்றிவிட்டார்கள். பிறகு பார்த்தால், இருந்த இடத்தில் பாதியைத்தான் அவர் பயன்படுத்தியிருக்கிறார். கணக்கில் பிசகு. இன்னொரு பாதி காலியாகக் கிடக்கிறது. விளையாட்டை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, இது இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட, மிச்சமிருந்த பாதியில் இரண்டாவதாக ஒரு பயணத்தை அமைத்தார்கள். விளையாட்டை முடித்தவர்களுக்கு அது திறக்கும். வெளியே அதே காடு, அதே மலை. ஆனால் நிலவறையின் வாசல்கள் வேறு இடத்தில், உள்ளே அறைகள் வேறு வரிசையில், சில சுவர்களுக்குள் புகுந்தே நடந்து போக வேண்டும். அதே புள்ளி வைத்து வேறு கோலம் போட்ட மாதிரி. பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன வழியும் இருந்தது. ஆட்டக்காரர் பெயரைக் கேட்கும் இடத்தில் ஸெல்டா என்று எழுதினால் நேரே இரண்டாம் பயணம் திறந்துவிடும்.

நம் தெருக்களில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள். கட்டங்களை நொண்டியடித்துத் தாண்டி முடித்த பிறகு இன்னொரு சுற்று வரும். சில்லைக் காலின் மேல் வைத்து, கண்ணை மூடி, தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக "ரைட்டா? ரைட்டா?" என்று கேட்டபடி நடக்க வேண்டும். கோடு மாறவில்லை, கட்டம் மாறவில்லை. பத்து தடவை பார்த்து நடந்த இடத்தை இப்போது பார்க்காமல் நடக்க வேண்டும். முதல் சுற்றிலேயே கண்ணை மூடச் சொன்னால் அதில் அர்த்தமில்லை. காலுக்குக் கட்டம் பழகிய பிறகுதான் கண்ணை மூடுவது ஆட்டமாகிறது.

நல்ல பூட்டு என்று நான் நினைப்பது இதைத்தான். முதல் சுற்று எதைக் கற்றுக்கொடுத்ததோ அது இல்லாமல் இரண்டாம் சுற்றுக்குள் கால் வைக்க முடியாது என்றால், பூட்டி வைத்தது நியாயம்.

1997-இலேயே வந்த கோல்டன்ஐ 007 என்ற விளையாட்டை நான் பல ஆண்டுகள் கழித்து வேலைக்காகத்தான் ஆடினேன். அதன் முதல் ஸ்டேஜ் ஓர் அணைக்கட்டு. சுலபமான நிலையில் அங்கே செய்ய வேண்டியது ஒரே வேலை, அணையின் மேலே ஓடிப்போய் மேடையிலிருந்து கயிறு கட்டிக் குதிக்க வேண்டும். காவலர்களைச் சுட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி முடித்துவிடலாம். அடுத்த நிலை திறந்தால், குதிப்பதற்கு முன் அபாயமணிகளை எல்லாம் செயலிழக்கச் செய்ய வேண்டும். நேற்று நான் கவனிக்காமல் ஓடிக் கடந்த சுவர்களில் இன்று அபாயமணி எங்கே என்று தேடுகிறேன். மூன்றாவது நிலையில் அது போதாது. ரகசியமாக ஒரு மோடம் பொருத்த வேண்டும், அணைக்கு உள்ளே இறங்கி எதிரியின் தரவைக் கைப்பற்ற வேண்டும். இரண்டு தடவை ஆடியும் அந்த அணைக்குள் இவ்வளவு பெரிய இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. இடத்தைக் கடினமாக்கவில்லை, ஆழமாக்கியிருக்கிறார்கள். 20 ஸ்டேஜையும் ஆகக் கடினமான நிலையில் முடித்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று திறக்கும். எதிரியின் உயிர், குறி, எதிர்வினை வேகம் எல்லாவற்றையும் ஆட்டக்காரரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கடினம் என்றால் என்ன என்று இனி நீயே முடிவு செய் என்று பொறுப்பையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

மோசமான ஹார்டு மோடு எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சண்டை விளையாட்டு சோதனைக்கு வந்தது. கடைசி எதிரி சாதாரண நிலையில் ஏறக்குறைய 40 அடியில் விழுவான். ஹார்டு மோடில் 120 அடி. அவன் கை ஓங்கும் விதம், இடைவெளி, பின்வாங்கும் நேரம் எதுவும் மாறவில்லை. உயிர் மட்டும் மூன்று மடங்கு. நான் புதிதாக ஒன்றையும் கற்கவில்லை, தெரிந்ததையே மூன்று தடவை செய்தேன், அவ்வளவுதான். அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். தேதி நெருங்கிவிட்டது என்று அப்படியே வெளியிட்டார்கள். இன்றும் எனக்கு வருத்தம். யாரோ ஒரு பிள்ளை நாள் கணக்கில் ஆடி அந்தப் பூட்டைத் திறந்திருக்கும், உள்ளே பார்த்தால் அதே அறை.

எண்ணைக் கூட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. 2000-இல் வந்த டயாப்லோ 2-இல் மூன்று நிலைகள், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. மூன்றாவதான நரக நிலையில் எதிரிகளின் பலம் கூடுகிறது என்பதோடு, அவர்களில் பலரை ஏதாவது ஒரு வகைத் தாக்குதல் அறவே தீண்டாது. நெருப்பு மந்திரத்தை மட்டும் நம்பி வளர்ந்த சூனியக்காரி, நெருப்பு தீண்டாத ஒரு கூட்டத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். இன்னொரு வித்தை வேண்டும், அல்லது துணை வேண்டும். அங்கே எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

இந்தக் கலையை ஆகப் பொறுமையாகச் செய்தவர்கள் என்றால் ஸ்லே த ஸ்பையர் என்ற சீட்டு விளையாட்டை உருவாக்கியவர்களைச் சொல்வேன். 2019-இல் முழுமையாக வெளிவந்தது. கோபுரம் ஏறி ஒரு முறை வென்றால் கடினத்தின் முதல் படி திறக்கும். அதில் வென்றால் இரண்டாவது. இப்படி இருபது படி, ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றம். முதல் படியில் வலுவான எதிரிகள் அடிக்கடி வருவார்கள். பத்தாவது படியில் தொடக்கத்திலேயே உங்கள் சீட்டுக்கட்டில் உதவாத சாபச் சீட்டு ஒன்று கிடக்கும். இருபதாவதில் மூன்றாம் கட்டத்தின் முடிவில் ஒரு பெரிய எதிரிக்குப் பதில் அடுத்தடுத்து இருவர். இருபதையும் ஒரே நாளில் தலையில் கட்டியிருந்தால் யாரும் ஏறமாட்டார்கள். ஒவ்வொன்றாக வருவதால், சாபச் சீட்டு வரும்போது அதைச் சுமக்கும் தோள் தயாராக இருக்கிறது.

பூட்டின் மறுபக்கமும் இருக்கிறது. சுலபமான நிலையைத் தேர்ந்தெடுப்பவரை ஏளனம் செய்யும் பழக்கம் இந்தத் துறையில் வெகு நாளாக உண்டு. 1992-இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி-யில் ஆகச் சுலபமான நிலையின் மேல் கைவைத்தால், நாயகன் குழந்தைத் தொப்பி மாட்டி வாயில் சூப்பானோடு தெரிவான். விரல் சரியாக மடங்காத ஒருவருக்கு, அறுபது வயதில் முதல் தடவையாக ரிமோட்டைப் பிடிக்கும் ஒருவருக்கு, அந்தப் படம் என்ன சொல்கிறது? 2018-இல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். உதவி நிலை என்று ஒன்று வைத்து, விளையாட்டின் வேகத்தைப் பாதியாகக்கூடக் குறைத்துக்கொள்ள விட்டார்கள். கேலி ஒரு வரி கிடையாது. அதே விளையாட்டில், ஒளித்து வைத்த ஒலிநாடாவைக் கண்டெடுப்பவர்களுக்கு விரலை முறிக்கும் அளவுக்குக் கடினமான மறுபக்க ஸ்டேஜ்களும் திறக்கும். கீழே ஒரு படி, மேலே ஒரு படி, இரண்டையும் ஒரே கை செதுக்கியிருக்கிறது. கடினத்தை மதிக்கிறவர்கள் சுலபத்தையும் மதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன்.

திண்டுக்கல் வீட்டுக்கு வருகிறேன். அன்று அக்கா வண்டை எப்படித் தாண்டுவது என்று கண்டுபிடித்துவிட்டார். பூவைச் சாப்பிட்டு நெருப்பு எறிந்தால் கூம்பா சாகும், வண்டுக்கு நெருப்பு உறைக்காது. அதனால் மிதித்து, ஓட்டை எந்தப் பக்கம் உதைப்பது என்று நின்று பார்த்து உதைத்தார். இரண்டாம் உலகம் வரை போயிருப்பார். டப்பென்று கரண்ட் போய்விட்டது.

அந்தக் கேசட்டில் ஆட்டம் எங்கேயும் பதிவாகாது. இரவு எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டியைப் போட்டோம். முதல் உலகம், முதல் ஸ்டேஜ், எதிரே மெதுவாக நடந்து வந்தது பழைய கூம்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ரிமோட்டை வாங்கிக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தார். கூம்பாவை மிதித்தார், இரண்டாம் ஸ்டேஜில் கூரைமேல் ஏறி ஓடி, ஒளிந்திருக்கும் குழாய்க்குள் இறங்கி நேரே நான்காம் உலகத்துக்குப் போனார்.

"சாப்பிட்டுட்டு வாடா," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ வர்றதுக்குள்ள வண்டைக் கூட்டிட்டு வந்துடுறேன்."

வணக்கம்.