சுவருக்குள் ஒரு செம்புச் சுரங்கம்

நேயர்களுக்கு வணக்கம். குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்குவது பற்றிப் பேச்செடுத்தால் எரிவாயுக் கட்டணத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நான் இன்று எடைபோட வந்திருப்பது இரும்பையும் செம்பையும்.

பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் அதிகமான வீடுகள் எரிவாயு பாய்லரை நம்பியிருக்கின்றன. பாய்லரில் சூடாகும் நீர் செம்புக் குழாய் வழியாக அறைக்கு அறை ஓடி, எஃகு ரேடியேட்டரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அங்கு வழக்கத்திலுள்ள 15 மில்லிமீட்டர் குழாய், மீட்டருக்கு ஏறத்தாழ 280 கிராம். ஒரு வீட்டில் நூறு மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் 28 கிலோ செம்பு. ஐம்பது வீடுள்ள தெருவில் 1.4 டன்! இதுதான் இருப்பு. பாய்லர் பதினைந்து ஆண்டுகள் போல உழைத்துவிட்டுப் போய்விடும். குழாயும் ரேடியேட்டரும் அடுத்த பாய்லரையும் பார்க்கும், அதற்கடுத்ததையும் பார்க்கும்.

1967 முதல் 1977 வரை, நிலக்கரி வாயுவை விட்டு வடகடல் இயற்கை வாயுவுக்கு அந்த நாடே மாறியது. அடுப்பு, கணப்பு என ஏறத்தாழ நான்கு கோடிச் சாதனங்களைத் தெருத்தெருவாகப் போய் மாற்றியமைத்தார்கள். பெரும் வேலைதான். ஆனாலும் பெரும்பாலும் எரிமுனையோடு முடிந்த வேலை.

இப்போது வரும் ஹீட் பம்ப் அப்படி விடுவதில்லை. குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்தே வெப்பத்தை இழுத்துத் தரும் அருமையான கருவி அது. ஆனால் நீரை மிதமாகச் சூடாக்கும்போதுதான் சிக்கனமாக ஓடும். 20 டிகிரி அறையில், சராசரி 70 டிகிரி நீரோடு 1000 வாட் தந்த ரேடியேட்டர், 50 டிகிரி நீரோடு 500 வாட்டுக்குச் சற்று மேல்தான் தரும். இன்னொன்று: பாய்லர் நீர் ஒரு சுற்றில் 20 டிகிரி இழந்து திரும்பலாம்; ஹீட் பம்பில் 5 டிகிரிதான். அதே வெப்பத்துக்கு நான்கு மடங்கு நீர் ஓட வேண்டும். எழுபதுகளில் சிக்கனம் பார்த்துப் போட்ட 8, 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்கள் அதைத் தாங்குமா? தரைப்பலகையைப் பெயர்க்க வேண்டியதுதான்.

பெயர்ப்பதற்கு முன் கூரையடியில் கம்பளிப் பஞ்சு விரியுங்கள், சன்னலின் இடுக்கை அடையுங்கள் என்பது என் கட்சி. வீட்டின் வெப்பத் தேவை பாதியானால், பாதி வெப்பம் தரும் பழைய ரேடியேட்டரே போதும். இந்தக் கணக்கைப் போடாமலே நல்ல எஃகைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

செம்பின் கதை வேறு. அது குப்பைக்குப் போவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகம் வாங்குபவர் ரொக்கமே கொடுக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, திருட்டு அவ்வளவு! ஆனால் பெயர்த்த குழாயின் இடத்தில் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாயைத்தான் பதிக்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதைப் பெயர்த்தெடுத்துப் போனால், பழைய உலோகக் கடைக்காரர் தராசை எடுக்கவே மாட்டார்.