முன்தீர்ப்பு நீதிக்குத் துணையா, தடையா? தடையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

முன்பு தந்த ஒரு தீர்ப்பு பின்வரும் வழக்குகளையும் கட்டுப்படுத்துவதே முன்தீர்ப்பு. அது நீதிக்குத் துணை என்று காட்ட, எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் விசாகா வழக்கை எடுத்துவைத்தார். பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லைக்கு எதிராக 2013இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை, 1997இல் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகள்தாம் 16 ஆண்டுகள் காவல் நின்றன என்றார். உண்மை. ஒரே மாதிரியான வழக்குக்கு மதுரையில் ஒரு நீதி, பாட்னாவில் ஒரு நீதி கூடாது என்றார். அதையும் ஏற்கிறேன். ஆனால் நல்ல தீர்ப்பு எந்தக் கதவு வழியாக நாடெங்கும் போகிறதோ, அதே வழியாகத்தான் பிழையும் போகிறது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்பின் 141ஆவது உறுப்பு. சரியான தீர்ப்பு மட்டும் கட்டுப்படுத்தும் என்று அதில் இல்லை.

நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவர்கள் அந்தக் காவல் சட்டப்படியானதா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் நால்வர் அதை மறுத்துவிட்டார்கள். மாறுபட்டு எழுதிய எச்.ஆர். கன்னா, பின்னர் தலைமை நீதிபதி பதவியையே இழந்தார். ஒன்பது உயர் நீதிமன்றங்களின் துணிவும் அந்த ஒரே நாளில் செல்லாமல் போயிற்று. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் முறைப்படி தூக்கியெறிந்தது 2017இல்! 41 ஆண்டுகள், நடுவர் அவர்களே.

இதையும்விட என் நெஞ்சைச் சுடுவது வேறொரு வழக்கு. மரண தண்டனை விதிக்கும்முன் குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியின் நிலையையும் பார்க்க வேண்டும் என்று 1980இல், பச்சன் சிங் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு விதித்தது. 1995இல் ராவ்ஜி வழக்கில் இரண்டு நீதிபதிகள் அதைக் கவனியாமல், குற்றத்தின் தன்மையைப் பார்த்தால் போதும் என்று எழுதிவிட்டார்கள். பிறகு வந்த அமர்வுகள் அதையே மேற்கோள் காட்டின. அது கவனப்பிழையில் எழுந்த தீர்ப்பு என்று 2009இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது; அதைப் பின்பற்றிய ஆறு வழக்குகளையும் எடுத்துக்காட்டியது. அதற்குள் ராவ்ஜியும், அதே வழியில் தண்டிக்கப்பட்ட இன்னொருவரும் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள்.

‘அது முன்தீர்ப்பை மீறியதால் வந்த வினை, முன்தீர்ப்பின் குற்றமா?’ என்று எதிரணியினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் பிழை மீறலால் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்தடுத்த ஆறு? அவை பணிவால் வந்தவை. ஓர் உயிர் ஊசலாடும் இடத்தில், ‘இந்த மனிதன் யார்? எந்தச் சூழலில் வளர்ந்தான்? திருந்துவானா?’ என்று கேட்க வேண்டியவர்கள், ‘முன்பு என்ன எழுதியிருக்கிறது?’ என்று பக்கத்தைப் புரட்டினார்கள். எழுதப்பட்டதைப் பின்பற்றியதால் யாரும் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட மரியாதையான வழி எங்கே இருக்கிறது?

2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், அந்தப் பிழையான வழியில் மரண தண்டனை பெற்றவர்களைக் காப்பாற்றும்படி குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். நீதிமன்றத்தின் பிழையைத் திருத்தக் கருணை மனுவின் கதவையா தட்டுவது? ஒரு தீர்ப்பு தவறென்று அறிவிக்கப்பட்ட அன்றே, அதனால் தண்டிக்கப்பட்ட அத்தனை பேரின் வழக்கையும் நீதிமன்றம் தானே திறக்கட்டும். அந்தக் கடமையை ஏற்காதவரை, முன்தீர்ப்பு நீதிக்குத் தடையே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.