வறுமைக்குச் சான்று

நேயர்களுக்கு வணக்கம்.

ரேஷன் கடை வரிசையில் நின்றிருப்பீர்கள். முன்னால் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா, பின்னால் ஓய்வுபெற்ற வாத்தியார். இருவருக்கும் ஒரே மூட்டையிலிருந்துதான் அரிசி. இது தானாக அமைந்துவிடவில்லை. 1997 ஜூனில் மத்திய அரசு, குடும்பங்களை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. அரிசி வேண்டாதவர்கள் தாங்களாகவே சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2016 நவம்பரில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகும், அந்தச் சட்டத்தில் அடங்காதவர்களுக்கான கூடுதல் செலவை மாநிலமே ஏற்று எல்லாருக்கும் கொடுக்கிறது.

ஏழைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுப்பதை இலக்கு சார்ந்த நலத்திட்டம் என்றும், எல்லாருக்கும் கொடுப்பதை அனைவருக்குமான நலத்திட்டம் என்றும் சமூக அறிவியலில் சொல்வார்கள். வசதியுள்ளவருக்கு எதற்கு இலவச அரிசி என்ற கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால், யார் ஏழை என்று யாராவது முடிவு செய்தாக வேண்டுமே! கணக்கெடுக்க வந்த அன்று பிழைப்புக்காக வெளியூர் போயிருந்தவர் பட்டியலில் விடுபடுவார். கணவன் கைவிட்டவள், கேட்க ஆளில்லாமல் விடுபடுவாள். வசதிக்காரர் ஒருவர் தவறிச் சேர்ந்துவிட்டால் அரசுக்குச் சில கிலோ அரிசி நட்டம். ஏழை ஒருவர் தவறி விடுபட்டால் அந்த வீட்டில் உலை ஏறாது. இரண்டையும் சமமான பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் மானமும் இருக்கிறது. 1931இல் பிரிட்டனில், நீண்ட நாள் வேலையில்லாதவர்களின் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானச் சோதனை வைத்தார்கள். அதிகாரி வீட்டுக்குள் வந்து தட்டுமுட்டுச் சாமான்களைக்கூடப் பார்ப்பார். மகன் சம்பாதித்தால் அப்பாவின் தொகை குறையும். அதனாலேயே வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் உண்டு. தொழிலாளர் குடும்பங்கள் அந்த அவமானத்தை மறக்கவில்லை. 1942இல், சமூகக் காப்பீடு பற்றி அந்நாட்டு அரசுக்காக வில்லியம் பெவரிட்ஜ் தயாரித்த அறிக்கை, காப்பீட்டுச் சந்தா கட்டியவருக்குச் சோதனையின்றி உதவி கிடைக்க வேண்டும் என்றபோது, மக்கள் அதை வரிசையில் நின்று வாங்கிப் படித்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. பெயர், மகளிர் உரிமைத் தொகை. வீட்டு வேலைக்குக் கூலி கேட்டறியாத பெண்களின் உழைப்பை அரசு மதித்த திட்டம் அது, மனதார வரவேற்கிறேன். ஆனால் விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம், நில அளவு, மின்சார யூனிட் எல்லாம் கேட்டார்கள். பெயரில் உரிமை என்று எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லை விண்ணப்பத்திலும் எழுதும் நாள் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

நன்றி, வணக்கம்.