வாசல் என்கிறீர்கள், மதிலைப் பார்த்தீர்களா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பீகிங் நகரில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், வெளிநாட்டுத் தூதரகங்கள் கூடியிருந்த தூதரகப் பகுதி சீனாவுக்கு உலகைத் திறந்த வாசலா, சீனத் தலைநகருக்குள் எழுந்த அந்நியக் கோட்டையா? கோட்டைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, வங்கி வந்தது, தபால் வந்தது, பெரிய ஹோட்டல் வந்தது என்று அடுக்கினார். வந்தது, யார் இல்லை என்றார்கள்? யாருக்காக வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

1860-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பேரரசரின் கோடை மாளிகையைச் சூறையாடின; பிரிட்டிஷ் படை அதை எரித்தது. அந்தச் சூட்டோடு போட்ட ஒப்பந்தத்தின் பலத்தில்தான் அடுத்த ஆண்டு தூதர்கள் பீகிங்கில் குடியேறினார்கள். சரி, அதையும் விட்டுவிடுவோம். 1900 வரை சீனர்களின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவில்தான் தூதரகங்கள் இருந்தன. அதுவரை வாசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்புறம் வந்தது, அந்நியரையும் கிறிஸ்தவத்தையும் எதிர்த்துச் சீனர்கள் எழுந்த பாக்ஸர் கிளர்ச்சி. ஜெர்மன் தூதர் கெட்டலர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1900 ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 14 வரை, தூதரகப் பகுதிக்கு 55 நாள் முற்றுகை. எதிரணி அம்மா இதைச் சொன்னபோது அவையே உருகியது. எனக்கும் உருக்கம்தான். ஆனால் அவர் பாதிக் கதையில் நிறுத்திவிட்டார். உள்ளே வெளிநாட்டவர் மட்டுமா இருந்தார்கள்? ஏறக்குறைய 3,000 சீனக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பகுதியிலேயே இருந்த சீன இளவரசர் சூவின் மாளிகையில் அடைக்கலம். தடுப்புகள் கட்டவும் பள்ளம் தோண்டவும் உழைத்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. வெளிநாட்டவர் குதிரைக் கறியில் காலம் தள்ளியபோது, இவர்கள் கடைசியில் இலையையும் மரப்பட்டையையும் தின்றார்கள்.

முற்றுகை முடிந்தது. கைம்மாறு என்ன தெரியுமா? 1901 செப்டம்பர் 7-ல் வல்லரசுகளோடு சீனா கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு: தூதரகப் பகுதியில் சீனர்களுக்குக் குடியிருக்கும் உரிமை கிடையாது. தங்கள் நாட்டுத் தலைநகரில், தாங்கள் காத்துக்கொடுத்த தெருவில்! அந்தச் சூ மாளிகை நிலத்தில் ஜப்பான் தன் தூதரகத்தை விரித்துக்கொண்டது. சுற்றிலும் மதில், காவலுக்கு அந்நியச் சிப்பாய்கள், துப்பாக்கிக்குக் குறி தெரியவேண்டும் என்று வீடுகளை இடித்து வெறுமையாக்கிய திடல். போதாததற்கு, 45 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி அபராதம், 39 ஆண்டுத் தவணையில். நடுவர் அவர்களே, வாசலுக்கு எதற்கய்யா பீரங்கி மேடை?

எதிரணியின் பெரிய ஆயுதம், "அரசியல் புயலில் சீனர்களுக்கே அது அடைக்கலம் தந்தது" என்பது. தந்தது. 1917-ல் மன்னராட்சியை மீட்கப் பார்த்துத் தோற்ற தளபதி சாங் ஷுன், டச்சுத் தூதரகத்துக்குள் ஓடினார், தப்பினார். அரண்மனையிலிருந்து துரத்தப்பட்ட கடைசிப் பேரரசர் பூ யி 1924-ல் ஜப்பானியத் தூதரகத்துக்குள் போனார், தப்பினார்.

பீகிங் பல்கலைக்கழக நூலகர், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர், லி தாசாவ். அவரும் இதே பகுதியில், சோவியத் தூதரக வளாகத்தில்தான் ஒளிந்திருந்தார். 1927 ஏப்ரல் 6-ல், அப்போது பீகிங்கைக் கையில் வைத்திருந்த படைத்தலைவர் சாங் சோலினின் போலீஸ் உள்ளே புகுந்தது. மதிலேறிக் குதித்தா? இல்லை, மற்ற தூதர்களின் அனுமதியோடு. அப்போது தூதர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டச்சுத் தூதர். தளபதி சாங் ஷுனுக்குக் கதவைத் திறந்த அதே டச்சுக்காரர்கள், நூலகரைப் பிடிக்கப் போலீஸுக்குத் திறந்துவிட்டார்கள். ஏப்ரல் 28-ல் லி தாசாவும் அவரோடு 19 பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஆக, யார் பிழைக்கலாம் என்று தீர்மானித்தது சட்டம் அல்ல, அந்தத் தூதர்களின் விருப்பு வெறுப்பு.

இன்னும் ஒன்று. 1919 மே 4. முதல் உலகப் போரில் சீனா வென்ற அணியில் இருந்தது. ஆனாலும் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளைப் பாரிஸ் சமாதான மாநாட்டில் வல்லரசுகள் ஜப்பானுக்குக் கொடுத்தார்கள். கொதித்த மாணவர்கள் தியானன்மென்னிலிருந்து நடந்தார்கள். கையில் தூதர்களுக்கான மனு. தூதரகப் பகுதி அங்கிருந்து கூப்பிடு தூரம். நுழைவிலேயே ஊர்வலத்தை மறித்துவிட்டார்கள். கோபம் திரும்பி, ஜப்பானுக்குச் சாதகமானவர் என்று பெயரெடுத்த சீன அமைச்சர் சாவ் ரூலினின் வீடு எரிந்தது.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் வங்கிக் கணக்கைப் பிறகு சொல்லட்டும். மனுவோடு வந்த மாணவன் எந்த வாசல் வழியாக உள்ளே போயிருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.