ஓர் அந்தர் யூரியாவுக்கு எத்தனை தொன் கூட்டெரு?

கமக்காரப் பெருமக்களே, விவசாயம் படிக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

உலக உணவுப் பாதுகாப்பு என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் உலகத்தைச் சுற்றப் போவதில்லை. 2021இல் நம் இலங்கையில் நடந்ததே போதும்.

அந்த ஆண்டு மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. இரசாயன உரம், பூச்சிகொல்லி, களைகொல்லி எல்லாவற்றின் இறக்குமதிக்கும் தடை. பத்து ஆண்டு எடுத்து மாறுவோம் என்று 2019 தேர்தலில் சொன்னவர்கள், ஒரே போகத்தில் மாறச் சொன்னார்கள். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துச் சிறுநீரக நோயைக் காரணம் காட்டினார்கள். டொலர் வற்றிக்கொண்டிருந்ததும் காரணம். அதை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஓர் அந்தர் யூரியா 50 கிலோ. அதில் பயிருக்கு வேண்டிய நைதரசன் 23 கிலோ. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை இருந்தாலே நல்ல எரு. அப்படியென்றால் அதே 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல், 2.3 தொன் வரை எரு வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு அந்தர் போடுகிற வயலுக்கு? ஏற்றுகூலி யார் தருவது? எருவிலுள்ள நைதரசனை மண்ணின் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத்தான் விடுவிக்கும். மூன்றரை மாத நெல் காத்திருக்குமா?

நாட்டில் அவ்வளவு எருவும் இருக்கவில்லை. சீனாவிலிருந்து கப்பலில் வரவழைத்த சேதனப் பசளையில், அதாவது இயற்கை எருவில், தீங்கான பற்றீரியா இருப்பதாக நம் ஆய்வுகூடம் சொல்லிற்று. கப்பலை இறக்கவிடவில்லை. ஆனாலும் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் கட்டினோம்!

நவம்பர் இறுதியில் தடை நீங்கியபோது பெரும்போகம் விதைத்தாயிற்று. அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு, அடுத்த ஆண்டு இந்தியாவிலும் மியன்மாரிலும் இருந்து அரிசி இறக்கியது. தமிழ்நாடு 40,000 தொன் அரிசி தர முன்வந்தது.

இதைக் காட்டி, 'சேதன விவசாயம் சோறு போடாது' என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பனையோலையை மண்ணில் தாழ்த்தினார்கள், சீமைக்கிளுவைக் குழை வெட்டிப் போட்டார்கள், ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். ஓலையும் குழையும் ஆடும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அந்த இருப்பைச் சேர்க்காமலே கட்டளை போட்டதுதான் கோளாறு.

என் யோசனை சின்னது. வருகிற பெரும்போகத்தில் யூரியாவை நிறுத்தாதீர்கள். அறுவடை முடிந்து ஈரம் காயுமுன் ஒரு துண்டில் மண்ணில் நைதரசன் சேர்க்கும் உளுந்தோ பயறோ விதையுங்கள், வைக்கோலை எரிக்காதீர்கள். அடுத்த போகம் அந்தத் துண்டில் மட்டும் யூரியாவில் கால்பங்கு குறைத்து, விளைச்சலைத் தனியே நிறுத்துப் பாருங்கள். பிள்ளைகள் தராசோடு வரட்டும். வருகிற கணக்கை, நட்டமானாலும், கமநல சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள்.