சீ கிங் வாலில் ஆறாவது இறக்கை

வணக்கம் மக்களே. ஒரு வழியாக முடிந்துவிட்டது! மூன்று வாரமாக என் மேசையை அடைத்துக்கொண்டிருந்த சீ கிங் ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் மாடல் இதுதான். வால் விசிறியைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், நீங்களே எண்ணுங்கள். ஆறு இறக்கை!

போன வீடியோவில் பெட்டியைப் பிரித்தபோது நான் கவனிக்கவில்லை, மறுநாள் ஒட்ட உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. பெட்டிமேல் பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் ரகமான ஏஇடபிள்யூ 2 படம், உள்ளே ஐந்து இறக்கை விசிறி. எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா! சிக்கோர்ஸ்கி நிறுவனத்தின் அசல் அமெரிக்க சீ கிங்கான எஸ்ஹெச்-3க்கு ஐந்துதான், அது 1959இலேயே பறந்துவிட்டது. அதை உரிமம் வாங்கிச் செய்த பிரிட்டனின் வெஸ்ட்லாண்ட் நிறுவனம், எச்ஏஎஸ் 2 ரகத்தில் எஞ்சின் வலுவைக் கூட்டியது, ஏஇடபிள்யூ 2 அதிலிருந்து வந்ததுதான். மேல் விசிறிக்கு வலு கூடக்கூட உடலை எதிர்ப்பக்கம் திருப்பும் விசையும் கூடும், அதைச் சமாளிக்கத்தான் வாலில் ஆறாவது இறக்கை.

சரி, ஒன்றைச் செய்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தீர்களா? ஐந்து என்றால் இடைவெளி 72 பாகை, ஆறு என்றால் 60. ஐந்தையும் அறுத்தெடுத்து, ஆறாவதைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, காகிதத்தில் கோணம் வரைந்து, அதன்மேல் ஒவ்வொன்றாகப் பசை வைத்தேன். மூன்றாவது மட்டும் இரண்டு முறை கழன்று விழுந்தது. இப்போது பாருங்கள், ஒன்றுகூடக் கோணவில்லை!

இத்தனைக்கும் காரணம் இந்த ஏஇடபிள்யூ 2 ரகத்தின்மேல் எனக்குள்ள பிரியம். 1982இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து தீவுப் போரில் பிரிட்டிஷ் கடற்படையிடம் வானிலிருந்து முன்கூட்டி எச்சரிக்கும் ரேடார் விமானம் இல்லை, தாழப் பறந்துவந்த விமானங்களின் எக்ஸோசெட் ஏவுகணையால் ஷெஃபீல்ட் போர்க்கப்பலை இழந்தார்கள். உடனே 11 வாரத்தில் இரண்டு சீ கிங்குகளின் பக்கவாட்டில் சர்ச்வாட்டர் ரேடாரைக் காற்றடைத்த பைக்குள் வைத்துப் பொருத்தினார்கள். பறக்கும்போது அந்தப் பை கீழே இறங்கும், தரையிறங்கும்போது மேலே மடங்கிக்கொள்ளும். ஆனால் அந்த ஹெலிகாப்டர்கள் போய்ச் சேருவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆங், ஒன்றை விட்டுவிட்டேன், அந்தப் போரில் அர்ஜென்டினாவும் சீ கிங் பறக்கவிட்டது, அவர்களுடையது அமெரிக்க வம்சம்.

படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கமாண்டோ ரகத்தை ஏன் செய்வதில்லை என்று பலர் கேட்கிறீர்கள். பக்கத்து மிதவைகளை எடுத்துவிட்ட சீ கிங்கை என்னால் ரசிக்க முடியவில்லை. படகு போன்ற அடிவயிறும் அந்த மிதவைகளும்தானே அதன் அழகு! இந்தியாவின் 42பி ரகத்தை வேண்டுமானால் கேளுங்கள், இரண்டு சீ ஈகிள் ஏவுகணைகளோடு ஆசையாகச் செய்து தருகிறேன்.

அதற்கு முன்னால் கனடாவின் சீ கிங்கான சிஎச்-124. 1963 முதல் 2018 வரை பறந்தது, அம்மாடி! ஆடுகிற சின்னக் கப்பலின் தளத்துக்கு ஹெலிகாப்டரைக் கம்பி போட்டு இழுத்து, இறங்கியதும் கவ்விப் பிடிக்கும் 'பேர் டிராப்' அமைப்பும் கனடாக்காரர்கள் உருவாக்கியதுதான். அந்தத் தளத்தையும் சேர்த்துச் செய்யப் போகிறேன். பெட்டி வந்துவிட்டது, இன்னும் பிரிக்கவில்லை. இந்த முறை உங்கள் முன்னால்தான் பிரிப்பேன், முதலில் வால் விசிறியை எண்ணிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.