தீவு உச்சியில் ரேடியோ: மேலே நல்லதா, கரையில் நல்லதா?

வணக்கம் நண்பர்களே. மைக்கில் காற்று அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுகிறேன். நிற்பது ஒரு சின்னத் தீவின் உச்சியில், சுற்றிலும் கடல், காலடியில் வெறும் பாறை. பையில் ஐந்து வாட் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகப் பேசுகிற அமெச்சூர் ரேடியோ), ஒரு லித்தியம் பேட்டரி, மடக்குகிற ஃபைபர் கம்பம், கம்பி ஆன்டெனா, யாரோடு பேசினோம் என்ற லாக் எழுத ஒரு நோட்டு. அவ்வளவுதான் சாமான்.

உச்சிக்குப் போகிறேன் என்றாலே எல்லாரும் சொல்வது, அவ்வளவு உயரத்திலிருந்து பேசினால் உலகமெல்லாம் கேட்குமே என்பதுதான். கேட்கும், ஆனால் அது உயரத்தால் இல்லை. எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசைத் தொகுப்பில், பேசுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த உச்சி வரமாகவும் இருக்கும், வீண் ஏற்றமாகவும் இருக்கும்.

முதலில் உயரம் உண்மையாகவே வேலை செய்கிற இடம், 2 மீட்டர் அலைநீள பேண்ட், 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம். இங்கே அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சாதாரணமாகக் கேட்காது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள், ரேடியோ தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வந்துவிடும். 200 மீட்டர் உயரத்துக்கு 58 கிலோமீட்டர். கரையில் 2 மீட்டர் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் 6 கூட வராது. எதிர் முனையில் இருப்பவரும் ஒரு குன்றின் மேல் இருந்தால் அவருடைய தொடுவானமும் சேர்ந்துகொள்ளும், ஆகவே கையடக்க செட்டிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் பேசிவிடலாம். கடல் மேல் இன்னொரு விளையாட்டும் உண்டு: குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் சூடான உலர்ந்த காற்று படிந்தால் அலை அந்த அடுக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டு பல நூறு கிலோமீட்டர் போகும். அந்த அடுக்கு உச்சிக்குக் கீழே அமைந்துவிட்டால் மட்டும் கதை மாறிவிடும், கரையில் இருப்பவர் ஜோராகப் பேசிக்கொண்டிருப்பார், மேலே ஏறி வந்த நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உச்சியில் செல்போன் கோபுரமோ, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டரோ இருந்தால் மலிவான கையடக்க செட் திணறும். பக்கத்திலிருக்கிற பலமான சிக்னலில் ரிசீவர் நிரம்பி, தூரத்து ஆள் இருக்கிற இடமே தெரியாமல் போகும். அந்த மாதிரி இடத்தில் கோபுரத்தைவிட்டு நூறு அடி தள்ளி, நடுவில் ஒரு பாறை மறைக்கிற மாதிரி உட்கார்ந்து பாருங்கள்.

இப்போது 20 மீட்டர் பேண்டுக்கு வருவோம், 14 மெகாஹெர்ட்ஸ். இங்கே அலை மேலே போய், வானத்தின் மேல் அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது, ஆகவே எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது கணக்கே இல்லை. அலை எவ்வளவு தாழ்ந்த கோணத்தில் கிளம்புகிறது என்பதுதான் கணக்கு. தரையை ஒட்டிக் கிளம்பினால் அந்த மண்டலத்தின் எஃப்2 அடுக்கில் ஒரே தாவலில் 4000 கிலோமீட்டர் வரை போகும், முப்பது டிகிரியில் கிளம்பினால் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றுவட்டத்திலேயே இறங்கிவிடும். தாழ்ந்த கோணத்துக்குக் கடலைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. உப்புத் தண்ணீரின் மின்கடத்தல், சாதாரண மண்ணைவிட ஆயிரம் மடங்கு அளவில் அதிகம். அலைநுரைக்குப் பக்கத்தில் ஒரு வெர்டிகலை, அதாவது செங்குத்தாக நிற்கிற ஆன்டெனாவை, நட்டு அடியிலிருந்து விரிகிற இரண்டு ரேடியல் கம்பியைத் தண்ணீர்ப் பக்கம் விட்டால் போதும், ஐந்து வாட்டே ஆச்சரியப்படுத்தும். அதே வெர்டிகலை இந்த உச்சிப் பாறையில் வைத்தால் பவரில் ஒரு பங்கு பாறையைச் சூடாக்குவதிலேயே போய்விடும்.

அப்படியானால் ஏன் மேலே ஏறினேன் என்று கேட்பீர்கள். விதி அப்படி. சோட்டா என்கிற 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்', அதாவது உச்சிகளிலிருந்து பேசிப் புள்ளி சேர்க்கிற திட்டம், 2002 மார்ச்சில் தொடங்கியது, அதில் உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் ஸ்டேஷன் இருக்க வேண்டும், கடைசி ஏற்றம் மோட்டார் வண்டியில் கூடாது, ஜெனரேட்டரும் கூடாது, புள்ளி கிடைக்க நான்கு தனித்தனி ஸ்டேஷனுடன் பேசியாக வேண்டும். பொதுவாக அந்தக் குன்று சுற்றுப்புறத்திலிருந்து 150 மீட்டர் எழும்பி நிற்க வேண்டும் என்பார்கள், சில இடங்களில் 100. தீவுக்கு இதில் ஒரு சலுகை: சுற்றிலும் கடல்தானே, அதன் மிக உயரமான இடத்துக்குக் கடல் மட்டத்திலிருந்து இருக்கிற உயரம் முழுவதுமே எழுச்சிதான். தீவுகளிலிருந்து பேசுகிற ஐயோட்டா திட்டம் இன்னும் பழையது, 1964இல் ஜெஃப் வாட்ஸ் என்ற பிரிட்டிஷ் ரேடியோ நேயர் ஆரம்பித்தது. தீவில் எங்கே உட்கார்ந்தாலும் அதற்குச் சரி. ஆகவே என் யோசனை இதுதான்: மேலே நான்கு கான்டாக்டும் 2 மீட்டர் வேலையும் முடித்துவிட்டு, தூரத்து ஆட்களுக்காகக் கீழே இறங்கிவிடுங்கள். உச்சியிலேயே நாள் முழுக்கக் கிடப்பது பிடிவாதம்.

மேலே நான் போடுவது முனையில் ஊட்டுகிற அரை அலைக் கம்பி, 20 மீட்டருக்கு ஏறக்குறைய பத்து மீட்டர் நீளம், முனையில் கம்பியை ரேடியோவோடு பொருத்த 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். பாறையில் ரேடியல் விரிக்கிற தொல்லை இல்லை. ஆணி இறங்காத இடம் என்பதால் கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்டுங்கள், கம்பத்தின் மேல் நுனிப் பகுதியை நீட்டாமல் விட்டால் காற்றில் பாதி உபத்திரவம் குறையும். தூரத்தில் இடி கேட்டால் பேச்சே வேண்டாம், மடக்கிக்கொண்டு இறங்குங்கள், லாகில் மூன்று பேர்தான் இருந்தாலும் சரி.

ஐந்து வாட் போதுமா என்று கமெண்டில் எப்போதும் கேட்கிறார்கள். நூறு வாட்டோடு ஒப்பிட்டால் 13 டெசிபல் குறைவு, சிக்னல் பலத்தைக் காட்டுகிற எஸ் மீட்டரில் இரண்டு புள்ளிக்குச் சற்று மேல், அவ்வளவே. அதோடு தீவில் வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் கிடையாது, மெல்லிய சிக்னல்கூடக் காதில் விழும்.

போன் சிக்னல் இல்லாத தீவென்றால் மோர்ஸ் கற்றவருக்குப் பெரிய லாபம். புறப்படும் முன் எப்போது எந்த உச்சியில் இருப்போம் என்று சோட்டா தளத்தில் அலர்ட் போட்டுவிட்டு வந்தால், நாம் மோர்ஸில் சி.க்யூ., அதாவது யாராவது பேச வாருங்கள் என்று, அழைப்பதை ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கின் தானியங்கி ரிசீவர்கள் பிடிக்கும், அதை வைத்து, நாம் எந்த அலைவரிசையில் இருக்கிறோம் என்று சொல்கிற ஸ்பாட் தளத்தில் தானாகவே ஏறிவிடும். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வரிசை கட்டுவார்கள். குரலில் மட்டும் பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, லாகில் நேரம் யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரத்தில்தான் எழுதுவோம், கடைசிப் படகு உள்ளூர் நேரத்தில்தான் கிளம்பும், கையில் ஒன்று போனில் ஒன்று என இரண்டு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஒப்பிட்டே காட்டப் போகிறேன். கீழே கரையில் நண்பர் தன் கால்சைனில் (அழைப்புக் குறியில்), வெர்டிகலோடு, 200 மில்லிவாட்டில் விஸ்பர் என்கிற, தானியங்கி ரிசீவர்கள் பிடித்துப் பதிவு செய்கிற டிஜிட்டல் சிக்னலை அனுப்புகிறார், மேலே நான் அதே பவரில், அதே பேண்டில், இந்தக் கம்பியோடு. ஒவ்வொரு ஒலிபரப்பும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே நேரத்தில் அனுப்பினால்தான் ஒப்பீடு நியாயம், ஒருவர் முடித்து மற்றவர் ஆரம்பித்தால் அதற்குள் அயனி மண்டலமே மாறியிருக்கும். எந்தெந்த ஊர் ரிசீவரில் யாருடைய சிக்னல் எத்தனை டெசிபல் என்று அடுத்த வீடியோவில் அட்டவணையாகப் போடுகிறேன், கரை தோற்றாலும் மறைக்காமல் போடுவேன். சரி, முதலில் 2 மீட்டரில் நான்கு பேரைப் பிடிக்க வேண்டும், ஆரம்பிக்கிறேன்.